ஏழு வீட்டுச் சாவி

எங்கள் வீட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு நீள ஆணி இருக்கிறது. அதில் எந்நேரமும் ஏழு சாவிகள் தொங்கிக் கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள், "என்னங்க, பூட்டுக்கடை ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். கடையுமில்லை, ஒன்றுமில்லை. நாங்கள் குடியிருப்பது சிவகாசிப் பக்கம் ஒரு வளவு. நடுவே முற்றம், ஒரே குழாய், ஒரு துவைகல், சுற்றி எட்டு வீடுகள். காலை ஏழு மணிக்கு வெடி ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து ஹார்ன் அடித்ததும், பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். (எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலை, தீப்பெட்டித் தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்!) ஓடுகிற ஓட்டத்தில் சாவி எங்கள் ஆணிக்கு வந்துவிடும்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள்ளும் மாமியார் மருமகள் சண்டைகள் உண்டு. புளிக்குழம்புக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்பதில் பதினைந்து வருஷமும் நாங்கள் ஒத்துப்போகவில்லை! ஆனால் ஒரு விஷயத்தில் அவர்தான் எனக்குக் குரு. அதைச் சொல்ல வேண்டுமானால் இருபத்தாறு வயதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'வேதக்காரங்க'. எனக்குப் பிறந்த வீடு விருதுநகர். அப்பாவுக்கு வத்தல், மல்லி கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. வீட்டுக்கு வரும்போதே அப்பாவின் சட்டையில் வத்தல் நெடி வந்து எல்லோரும் தும்முவோம். பத்தாவது வரை படித்தேன். 2001-ல் கல்யாணம் ஆகி சிவகாசிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆப்செட் அச்சகத்தில் பைண்டிங் வேலை. சிவகாசி அச்சகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே மிஷினில் காலையில் முருகன், மத்தியானம் வேளாங்கண்ணி மாதா, சாயங்காலம் மெக்கா என்று காலண்டர் அச்சாகி வரும். அடுக்கிக் கட்டுகிறவருக்கு மூன்றும் ஒரே கனம்தான்.

எனக்கு அந்த வயதில் பக்தி ரொம்ப வேகம். வருஷா வருஷம் நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் காலே தரையில் பாவாது. "வாரம் பத்துப் பேருக்காவது ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்" என்று நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தேன். கைப்பிரதியை முந்தானையில் முடிந்துகொண்டு பால்காரரிலிருந்து கீரைக்காரி வரை ஒருத்தரையும் விட்டதில்லை. கீரைக்காரப் பாட்டி மட்டும், "தாயி, எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா தாளு நல்லாருக்கு, குடு. வெத்தலை மடிக்க ஆகும்" என்று வாங்கிக்கொள்வாள். அதையும் கணக்கில் ஒன்றாக எழுதிக்கொண்டேன்!

அத்தைக்குக் கைப்பிரதி கிடையாது, நோட்டும் கிடையாது. எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார். ஆனால் வளவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குடங்களையெல்லாம் குழாயில் வரிசையாக வைத்து நிரப்பி அவரவர் வாசலில் கொண்டுபோய் வைப்பார். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோவிலுக்கு வேண்டிக்கொண்டு அக்னிச்சட்டி எடுத்துப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் வருவார்கள். அத்தை ஒரு பெரிய பானையில் தண்ணீரும் மோருமாகத் தெருவில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள், "நீங்களே இப்படி விக்கிரக ஆராதனைக்குத் துணை போகலாமா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அத்தை நிதானமாக, "வெயில்ல வெறுங்காலோட வாரா அந்தப் புள்ள. அவளுக்குத் தண்ணி குடுத்ததுக்கா ஆண்டவர் என்னைய அடிக்கப் போறாரு?" என்றார். அந்த அம்மாள் மோர் குடிக்காமலே போய்விட்டாள். நானும் அப்போது அந்த அம்மாள் கட்சிதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு மதினி. சொந்தமில்லை. அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மதினி ஆகிவிட்டார். அந்த அண்ணன் ஒரு வெடி ஆபீஸில் மருந்து அறையில் வேலை பார்த்தார். 2005 ஏப்ரல் மாதம். கத்திரிக்கு முன்பே வெயில் மண்டையைப் பிளந்தது. காலை பத்தரை மணி இருக்கும், கிழக்கே 'டொம்' என்று ஒரு சத்தம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் தனியாகத் தெரியும். சோதனைக்குப் போடுகிற வெடி வேறு, இது வேறு. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடிப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். நம் வீட்டு ஆள் வேலை பார்க்கிற திசை இல்லையென்றால் ஒரு பெருமூச்சு. அப்படி மூச்சு விட்டதற்காகப் பிறகு மனசுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. இதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அன்றைக்குப் புகை, அண்ணன் வேலை பார்க்கிற திசையிலேயே இருந்தது.

சிவகாசி பெரியாஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு உண்டு. அங்கே இரண்டு நாள் வைத்திருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நானும் மதுரைக்குப் போனேன். சும்மா போகவில்லை. முந்தின இரண்டு நாளும் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு, பையில் புதிய ஏற்பாடும் கைப்பிரதிகளுமாகப் போனேன். வார்டுக்கு வெளியே மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாராமல், அன்றைக்கு ஓடியபோது கட்டியிருந்த அதே சேலையோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மதினி, ஆண்டவர் எனக்கு உறுதி தந்திருக்காரு. அண்ணன் பொழச்சு வந்துருவாக. நீங்க இயேசு சாமிய மட்டும் நம்புங்க, போதும்."

மதினி என் கண்ணையே பார்த்தார். பிறகு கைப்பிரதியை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரே பூரிப்பு. பஸ்ஸில் வரும்போது நோட்டை எடுத்து எழுதினேன் என்றுகூட ஞாபகம்.

ஒன்பதாம் நாள் அண்ணன் இறந்துபோனார்.

துக்க வீட்டில் மதினி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆணியிலிருந்து அவர் வீட்டுச் சாவியை எடுத்தார். எடுத்துக்கொண்டே, கோபமில்லாத குரலில், கடைக்காரரிடம் பாக்கிக் கணக்கு விசாரிப்பதுபோல், "உங்க சாமி வாக்குக் குடுத்தாருன்னு சொன்னயே தாயி, என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் முற்றத்தில் எதிரும் புதிருமாகப் பாத்திரம் விளக்கினாலும் ஒரு பேச்சு இல்லை.

அன்று ராத்திரி அத்தையிடம் அழுதேன். "நான் நல்லதைத்தானே சொன்னேன் அத்தை?" அத்தை என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன். அவர் தேற்றவில்லை.

"கையில இல்லாத காசுக்குப் புரோநோட்டு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டயேம்மா. அதுவும் ஆண்டவர் கையெழுத்தைப் போட்டு!"

இருபது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று குத்துகிறது.

அந்த ஒன்பது நாளும் அத்தை என்ன செய்தார் என்பதை நான் பிற்பாடுதான் கவனித்து யோசித்தேன். வீட்டிலிருந்த பழைய வெள்ளை வேட்டிகளையும் பருத்திச் சேலைகளையும் வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, சுத்தமான துணியில் சுற்றி ஒருநாள் விட்டு ஒருநாள் மதுரைக்குக் கொண்டுபோனார். மதினிக்கு மட்டும் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி. "குடி" என்று சொல்லி, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பார். இரண்டு பிள்ளைகளையும், பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு, குளிப்பாட்டித் தூங்க வைத்தார். ஜெபம் பண்ணினாரா? பண்ணியிருப்பார். வார்டு வராந்தாவில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததாக மதினியே பின்னால் சொன்னார். அத்தை சத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நம் ஊரின் பழைய கதையும் எனக்கு அப்புறம்தான் புரிய ஆரம்பித்தது. சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் என்று ஓர் ஊர். சாட்சி என்ற சொல்லே அந்தப் பெயரில் இருக்கிறது. ராக்லண்ட் என்ற வெள்ளைக்காரப் போதகரைப் பற்றி எங்கள் பக்கத்துச் சபைகளில் சொல்வார்கள். கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்தவர். திடகாத்திரமான உடம்பும் இல்லை. 1854-ல் வடதிருநெல்வேலி என்று அப்போது சொன்ன எங்கள் பகுதியில் கூடாரமும் கையுமாக ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். நாலே வருஷம். 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனார். வயது 43. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டால், 'அவர் எவ்வளவு பேரைச் சேர்த்தார்?' என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். நோட்டுக் கணக்குப் புத்தி! இப்போது தோன்றுவது வேறு. அந்தக் காலத்துக் கரிசல் வெயிலில், கூடாரத்துக்குள் எப்படி இருந்தார்? யார் வீட்டில் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள்?

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நிறையப் பேருக்குத் தெரியும். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். நம் பெண்களைப்போலச் சேலை உடுத்திக்கொண்டு, தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 'நட்சத்திரக் கூட்டம்' என்று ஜனங்கள் அவர்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1901-ல் கோவிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சின்னப் பெண் தப்பித்து அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். அதற்குப் பின் குழந்தைகள் ஒவ்வொன்றாக வர வர, வண்டிப் பயணம் குறைந்தது. பால் காய்ச்சுவதும், பேன் பார்ப்பதும், ராத்திரி கண்விழிப்பதுமே வேலையாகிவிட்டது. 'பிரசங்கத்தை விட்டுவிட்டு இதென்ன ஆயா வேலை?' என்று கேட்டவர்களும் இருந்தார்களாம். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பாமல் 1951-ல் டோனாவூரிலேயே கண்ணை மூடினார். கைக்குழந்தைக்காரிகளே, நீங்கள் ராத்திரி மூன்று மணிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருக்கும்போது 'நமக்கு ஜெபிக்கக்கூட நேரமில்லையே' என்று வருத்தப்பட்டால், அந்த அம்மையாரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மதினி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் துவைகல்லில் அவர் மட்டும் தனியாக இருந்தபோது போய் நின்றேன். கையில் வேதப்புத்தகம் இல்லை, கைப்பிரதி இல்லை. "மதினி, அன்னைக்கு எனக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லிட்டேன். ஆண்டவர் எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல. நானா ஆசைப்பட்டுச் சொன்னது. தப்பு என் மேலதான்" என்றேன். அவர் துணியை அடித்துத் துவைத்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. 'மன்னிச்சுட்டேன்' என்று சினிமாவில் வருவதுபோல ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மட்டும் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது.

2006 பொங்கல் கழிந்த மறுவாரம், மதினியே வெடி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். சரம் பின்னுகிற வேலை. அண்ணனைக் கொண்டுபோன வேலைக்கே போகிறாரே என்று நினைக்காதீர்கள். எங்கள் கரிசல் பூமியில் மழையை நம்பி என்ன விளையும்? அந்தக் காலத்தில் மானம் பார்த்த பூமியாயிருந்த ஊரில், 1920-களில் இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்துதான் எல்லோருடைய அடுப்பும் எரிகிறது. அந்த அடுப்பேதான் சில சமயம் ஆளையும் எரித்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததை இந்த மாவட்டமே மறக்காது. ஏறக்குறைய நாற்பது உயிர்!

வேலைக்குப் போன முதல் நாள் காலையில் மதினி எங்கள் வாசலில் வந்து நின்றார். சாவியை ஆணியில் மாட்டினார்.

"பிள்ளைக நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும். பாத்துக்க. ஒண்ணு மட்டும் தாயி... அதுகள வேதத்துல சேத்துறாத."

"சேக்க மாட்டேன் மதினி."

இது நான் கொடுத்த இரண்டாவது வாக்கு. முதலாவது என்னால் காப்பாற்ற முடியாதது. இரண்டாவது என் கையில் இருந்தது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் வந்தது. தினம் ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். மதினி வர ஏழாகிவிடும். அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளையும் என்ன செய்ய? "முற்றத்தில் போய் விளையாடுங்கள்" என்று அனுப்பினால், இருட்டில் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு எட்டி எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே உட்கார வைத்தால் வாக்குத் தவறியதாகும். நாலு நாள் தவித்துவிட்டு மதினியிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "பாட்டுன்னா கேக்கட்டும், பாடட்டும். கும்பிடறது அதுக பெரிசானப்புறம் அதுக இஷ்டம்" என்றார். அப்படியே செய்தோம். நாங்கள் முழங்காலில் நிற்கிற நேரம் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள்.

சபையில் ஒரு சிநேகிதிக்கு இது பிடிக்கவில்லை. "வீடு தேடி வந்த ஆத்துமாக்களை விட்டுவிட்டாயே!" என்று அங்கலாய்த்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் அப்படி இருந்தவள்தானே. ஆனாலும் சொன்னேன்: பசிக்கிற நேரத்தில், புருஷனைப் பறிகொடுத்த நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரத்தில் ஒருத்தி நம்மிடம் வருகிறாள். அந்த இக்கட்டை நம் தூண்டிலுக்குப் புழுவாக மாட்டினால் அது அன்பா? நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கிறோம் என்று 2002-ல் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்து, 2004-ல் வாபஸும் ஆனது. அந்தச் சமயத்தில் வளவில் என்னைப் பார்த்துச் சிலர் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அது எனக்கு வலித்தது. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக எதிர்வீட்டுப் பெண்ணின் மனசும் அனுமதிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அவள் கதவை அவள்தான் திறக்க வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். வெடி ஆபீஸில் வேலை நெருக்கடி, மதினி வர எட்டு மணி ஆனது. நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பையன் ஓடிவந்து கையை விட்டுவிட்டான். வீரென்று அலறல். ஒருத்தி பேனா மை என்கிறாள், ஒருத்தி பற்பசை, ஒருத்தி கோதுமை மாவு. அண்ணன் இருந்த வார்டில் நர்ஸம்மா அத்தைக்குச் சொல்லியிருந்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. ஒன்றும் தடவாமல் கையைக் குழாய்க்குக் கீழே பிடித்தேன். இளந்தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தீப்பட்டாலும் கொதிநீர் பட்டாலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெல்ல இருபது நிமிஷம் விட வேண்டும். ஐஸ் கூடாது. மையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், இடுப்புக்கயிறு எதுவானாலும் கழற்றிவிடுங்கள். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியை லேசாக மூடிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பொறுக்க முடியாத பிள்ளையை இருபது நிமிஷம் குழாயடியில் நிறுத்துவது லேசா! அவன் அழுதுகொண்டே, "அத்தை, அந்தப் பாட்டுப் பாடுங்க" என்றான். நான் பாடினேன். மேலெல்லாம் நனைந்து, குரல் நடுங்கி, சுதி எங்கேயோ போய்... அதுக்குள் வளவே கூடிவிட்டது.

மதினி வந்ததும் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். 'என் பிள்ளையை இப்படிப் பார்த்துக்கொண்டாயா?' என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்குக் குலை நடுங்கியது. அவர் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரசத்தை ஏன் கீழ வச்ச?" என்றார். நியாயமான கேள்விதான். என் தப்புதான். இன்று வரைக்கும் கொதிக்கிற எதையும் தரையில் இறக்கி வைப்பதில்லை. மறுநாள் காலையில் ஆணியைப் பார்த்தேன். சாவி இருந்தது.

2016-ல் அத்தை போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வளவே திரண்டு வந்தது. வெடி ஆபீஸில் ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று ஏழு வீட்டுப் பெண்களும் லீவு போட்டார்கள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்து, எங்கள் பாட்டு தெரியாததால் வாயை மூடிக்கொண்டு நின்று, ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்.

அப்புறம் 2018 வந்தது. அக்டோபர் 23-ல் பட்டாசு விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று. காற்றைக் கெடுக்கக்கூடாது என்பது சரிதான், நம் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தானே சுவாசிக்கின்றன. ஆனால் தீபாவளி முடிந்ததும் ஆலைகளைப் பூட்டிவிட்டார்கள். மூன்று நான்கு மாதம் வளவில் வேன் ஹார்ன் இல்லை. எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் ஆணியில் ஒரு சாவியும் இல்லை! எனக்கு அந்த வெறும் ஆணியைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

எங்கள் வீட்டில் பிடி அரிசி எடுத்து வைக்கிற பழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போடுவது. மிசோரம் மாநிலத்துப் பெண்கள் 1910 முதல் இப்படிச் சேர்த்தே எத்தனையோ ஊழியங்களைத் தாங்கியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நம் திருநெல்வேலிக்காரர்கள் 1903-ல் சொந்தக் காசில், வெள்ளைக்காரர் உதவியில்லாமல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்களே, அதன் பின்னாலும் சாதாரணக் குடும்பங்களின் காசுதான் இருந்தது. எங்கள் டப்பா அரிசி மாதா மாதம் கோவிலுக்குப் போகும். அந்த டிசம்பரில் எங்கள் ஐயரிடம் போய், "இந்த மூணு மாசம் டப்பாவை வளவுக்குள்ளேயே காலி பண்ணலாமா?" என்று கேட்டேன். "யாருக்குன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அதுல துண்டுத்தாள் எதையும் போட்டுக் குடுக்கவும் வேண்டாம்" என்றார். ஐயருக்கு என் பழைய கதை தெரியுமோ என்னவோ!

கடைசியாக ஒன்று. 2021 மே மாதம் என் வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்து, மூச்சுத்திணறலோடு விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்க விடவில்லை. எனக்கும் லேசான காய்ச்சல், வீட்டோடு அடைபட்டிருந்தேன். கோவில் பூட்டியிருந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவளுக்கு அன்றைக்கு முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தால் மதினியின் பழைய கேள்விதான் காதில் கேட்டது. வாக்குக் கொடுத்தாரா? கொடுக்கவில்லை. அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

இரண்டாம் நாள் சாயங்காலம், ஆறரை மணி. வாசலில் மதினி. மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டிக்கொண்டு, படிக்கு அந்தப்பக்கம் ஒரு தூக்குச்சட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பாட்டுச் சத்தம் கேக்கலயே தாயி?"

"முடியல மதினி."

"சரி. நீ சும்மா உக்காரு. இன்னைக்கு நான் சொல்றேன்."

முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார். "ஏசு சாமி, நான் உன் ஆளு இல்ல. இவ உன் ஆளு. இவ மாமியா என் பிள்ளைகள வளத்தவ. அந்த மனுசன அனுப்பி வையி. ஆத்தா பத்திரகாளி, நீயும் கொஞ்சம் கூடப் போய்ச் சொல்லு தாயே." அவ்வளவுதான். கும்பிட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கஞ்சி ஆறிரும், குடி" என்றார். குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.

எங்கள் சபையில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கே அது உள்ளுக்குள் இடறியது என்பது உண்மை. ஆனால் அன்று ராத்திரிதான் என்னால் ஜெபிக்க முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார், எலும்பும் தோலுமாக. மதினி ஆனாரா, இல்லையா என்று வாசகிகள் கேட்பீர்கள். இல்லை. இப்போதும் செவ்வாய் வெள்ளி தவறாமல் பத்திரகாளியம்மன் கோவிலுக்குப் போகிறார். டிசம்பரில் நான் வசன காலண்டர் கொடுக்கத் தாமதித்தால், "இந்த வருசம் எனக்கு இல்லையா?" என்று அவரே கேட்டு வாங்கி, அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறார். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை. அந்தக் குழந்தையைத் தூங்க வைக்க அவள் பாடுவது எங்கள் வீட்டுப் பாட்டு. பையன் ஒரு ஆப்செட் அச்சகத்தில் இருக்கிறான். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு நாள் காலை, ஆணியில் சாவியை மாட்ட வந்த மதினி திடீரென்று நின்றார்.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு எங்க ஆத்தாளையும் சேத்துக் கூப்பிட்டேனே, உங்க சாமி கோவிச்சுக்கிட்டிருப்பாரோ?"

பழைய நானாயிருந்தால் பதில் தயாராயிருக்கும். வசனமும் எண்ணும் சொல்லியிருப்பேன்.

"தெரியல மதினி" என்றேன்.

"உங்க அத்தை இருந்தா சொல்லியிருப்பாக" என்றார். தெருமுனையில் ஹார்ன் அடித்தது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.